பாப்பாவுக்கு இருபது விதைகள்

பொள்ளாச்சி,
மாசி 12

அன்புள்ள பாப்பா,

நீ படம் அனுப்பிய கன்று சரக்கொன்றை இல்லை. விற்றவர் தெரிந்தே கொடுத்தாரா, அவருக்கே தெரியவில்லையா என்று இனி ஆராய்ந்து பயனில்லை. இலையைப் பார். ஒரு காம்பில் பத்துப் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. சரக்கொன்றைக்கு நான்கு முதல் எட்டு இணைதான் இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் உள்ளங்கை நீளம் வரும். உன் வாசலில் நிற்பது மஞ்சக்கொன்றை என்று நினைக்கிறேன். முதுமலையில் அது மற்ற செடிகளைத் தலையெடுக்க விடாமல் பரவிவிட்டதால், வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. நீ காசு கொடுத்து வாங்கி நட்டிருக்கிறாய். பிடுங்கிவிடு.

இத்துடன் இருபது விதைகள் வைத்திருக்கிறேன். நம் வாசல் மரத்துக் காய்தான். சின்ன வயதில் நீ வாள் என்று சுழற்றித் தம்பியை அடிப்பாயே, அந்தக் கறுப்புக் குழல். உடைத்தால் உள்ளே காசு அடுக்கியதுபோல் அறை அறையாக, அறைக்கொரு விதை, தார் போன்ற பசை. வாடை தாங்காமல் உன் அம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டாள். நாட்டு வைத்தியத்தில் பேதியாவதற்குக் கொடுப்பது அந்தப் பசைதான். பின்னாளில் உன் பிள்ளைகள் நக்கிப் பார்க்காமல் கவனித்துக்கொள்.

விதையை அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாது. வெந்நீரில் போட்டெடுப்பவர்கள் உண்டு. நான் ஒருமுறை அடுப்பிலேயே மறந்துவிட்டு அத்தனையையும் அவித்த கடலை ஆக்கினேன். அதனால் நீ உப்புத்தாள் வாங்கு. விதையின் தட்டையான பக்கத்தை, உள்நிறம் வெளிறித் தெரியும்வரை தேய். கூர்முனையைத் தொடாதே, முளை அங்கேதான் இருக்கிறது. ஓர் இரவு ஊறவை. காலையில் உப்பியதை மட்டும் பையில் ஊன்று, உப்பாததை மறுபடி தேய். செம்மண், மணல், மட்கிய எரு. அரை அங்குல ஆழம் போதும்.

ஆவணியில் தரையில் நடலாம். உன் மனை களிமண், ஐப்பசியில் தண்ணீர் தேங்கும் என்றாயே, அதுதான் என் கவலை. இந்த மரம் வறட்சியைத் தாங்கும்; காலடியில் நீர் நின்றால் தாங்காது. மண்ணைக் கூட்டி மேடாக்கி, நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து, சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நடு. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் பச்சைப் புழு இலையை மொட்டையடிக்கும். மருந்து அடிக்காதே. மறுபடி துளிர்க்கும்.

எப்போது பூக்கும் என்றுதானே கேட்கப் போகிறாய்? நம் மரம் ஏழாம் ஆண்டு பூத்தது. சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது, அறிவில்லாத மரம் என்று ஒரு தோழி அதைத் திட்டுவாள். தலைவன் வருவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்று தலைவியைத் தேற்றுவதற்காகத்தான். நம் மரமோ சித்திரையில் இலையை உதிர்த்துவிட்டுச் சரஞ்சரமாய்த் தொங்குகிறது. அடுத்த தெருப் பாலக்காட்டுக்காரர்கள் விஷுக்கனிக்கு இரண்டு கொத்துக் கேட்டு வருவார்கள். போன வருடம் பாதி மரத்தைக் கொண்டுபோனார்கள். இந்த வருடம் நானே பறித்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.

இருபதில் எத்தனை முளைத்தது என்று எழுது. எட்டு என்கிறேன் நான். உன் அம்மா பதினைந்துக்குக் குறையாது என்கிறாள். தோற்றவர்தான் ஒரு மாதம் காலைக் காபி போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா