ஷிப்டுக்கு முன் ஐந்து நிமிடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். தகட்டை அழுத்தும் அச்சான டைக்குள் கை போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒருமுறை நைட் ஷிப்ட் ஆள், வேலை வேகமாக முடியட்டும் என்று ஒரு பட்டனில் கட்டையைச் செருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் வந்த ஒடிசா பையனிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு விரல் போனது.

அதற்கு அப்புறம்தான் தினமும் மெஷின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பேச ஆரம்பித்தோம். நேற்று என்ன கோளாறு, இன்று எந்த வேலை புதிது, யார் புதிய ஆள், அவ்வளவுதான். 'டூல்பாக்ஸ் டாக்' என்று பெரிய கம்பெனிகளில் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது சில இடங்களில் பேச்சே இல்லை, நோட்டில் கையெழுத்து மட்டும். பேசினாலும் தமிழில், கேட்பவர்களோ பீகார், ஒடிசாக்காரர்கள். இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்ல வைத்து, கேட்டவரையே திரும்பச் சொல்லச் சொன்னால் புரிந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் பேனர் கட்டி உறுதிமொழி எடுக்கிறோம், சரி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள் நோட்டைப் புரட்டுவதோடு விடாமல், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருமுறை வந்து நின்று கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற சூப்பர்வைசர்,
கொரட்டூர், சென்னை.