எங்கள் திண்ணைக்கு உதவிய எல்லாருக்கும்

வணக்கம்.

காரைக்குடி ஹவுசிங் போர்டில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கருவேலமும் குப்பையுமாகக் கிடந்த பொட்டலில் இப்போது திண்ணையும் சுவரோவியமும் வந்துவிட்டன; சாயங்காலமானால் கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை. இதற்காக உழைத்தவர்களுக்குக் குடியிருப்பின் சார்பில் நன்றி சொல்லவே இந்த மடல்.

முதலில் நம் கல்லூரிப் பிள்ளைகள். 2020இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு, நம் சுவரிலும் வரையலாம் என்று பேச்சை எடுத்தவர்கள் அவர்கள்தான். அதற்கு மாடி வீட்டு ஆச்சி, "படத்தைப் பார்த்துட்டுப் போயிருவாக, உக்கார இடம் வேண்டாமா?" என்று கேட்டார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் வாசலில் திண்ணை உண்டு, வழிப்போக்கரும் உட்காரலாம். அடுக்குமாடியில் திண்ணை இல்லாததால்தான் கதவைச் சாத்திக்கொண்டு வாழப் பழகிவிட்டோம் என்று நான் நம்புகிறேன். அந்த ஒரு கேள்விக்கு ஆச்சிக்குத் தனி நன்றி.

ஆச்சி கேட்டபடி கட்டிய திண்ணைக்குப் பூப்போட்ட தரைக்கல் (டைல்ஸ்) தந்த ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கல் தந்ததோடு நிற்காமல், பிள்ளைகளைக் கூட்டிப்போய் வேலையையும் காட்டினார்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் கூழைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு இறுக்குகிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊற வேண்டும். சூளையே கிடையாது. அந்த மினுமினுப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது. பிள்ளைகள் ஊற்றிய கற்கள்தான் திண்ணையின் முன்வரிசையில் இருக்கின்றன. பூ கொஞ்சம் கோணல்தான். மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள், தயவுசெய்து அப்படியே இருக்கட்டும்.

விசேஷ நாளில் வீட்டுக்குள் போடுகிற நடுவீட்டுக் கோலத்தைப் பொது இடத்தில் வரையலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம். கால் படாமல் சுவரில் வரையலாம் என்று அவர்களே முடிவு சொல்லி, காவிச் சுவரில் வெள்ளைக் கோடு இழுக்கவும் வந்து நின்றார்கள். தொட்டியின் தூண்களில் கண்டாங்கிச் சேலையின் கட்டம் தீட்டிய ஓவியருக்கும், பக்கத்தில் நின்று நிறம் சொன்ன நெசவாளர் குடும்பத்துக்கும் நன்றி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ச் சேலை, இப்போது நம் தூணிலும் இருக்கிறது.

கருவேலத்தை வெட்டி அகற்றிய தூய்மைப் பணியாளர்களுக்கும், வண்டி நிறுத்துமிடத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கும், காசு வாங்காமல் பிள்ளைகளுக்கு ஒயிலாட்டம் சொல்லித்தரும் வாத்தியாருக்கும் மனமார்ந்த நன்றி.

தொட்டியின் வடக்குச் சுவர் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வரக்கூடியவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
குடியிருப்போர் சங்கத்தின் சார்பில்