நான்கு டம்ளர் இன்னும் வரவில்லை, ஆனாலும் நன்றி

மயிலாப்பூரில் எங்கள் சந்தில் குடியிருப்பவர்களுக்கும், கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் ஊர்வலம் வரும் அறுபத்துமூவர் அன்று எங்கள் பந்தலில் நின்று மோர் குடித்துவிட்டுப் போன முகம் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம்.

சந்து முனையில் அடிபம்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறதே, அதில் எழுதுகிறவன் நான்தான். தண்ணீர் லாரி எப்போது வரும், யாருடைய சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது, மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் எந்த வழியை அடைத்திருக்கிறார்கள் என்று தினமும் நாலு வரி எழுதுவேன். திருவிழா முடிந்த மறுநாள் ‘எல்லோருக்கும் நன்றி’ என்று எழுதினேன். ‘எல்லோருக்கும் என்றால் யாருக்கும் இல்லை’ என்று இஸ்திரி வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். பேர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் ஆளை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு. ‘மாலை 5 மணிக்கு நீர்மோர்ப் பந்தல்’ என்று பலகையில் பெரிதாக எழுதி, அதற்கு மாவிலைத் தோரணம் வேறு வரைந்து வைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினாள். “மாமா, சாமி மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடும். நீங்க அஞ்சு மணிக்குப் பந்தல் போட்டா யார் குடிப்பாங்க?” நாற்பது வருஷமாக இந்த ஊர்த் திருவிழாவைப் பார்க்கிறவன் நான். தேர் நினைப்பிலேயே இருந்து, மறுநாள் வரும் அறுபத்துமூவரில் கோட்டை விட்டேன். சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். மதியம் ஒன்றரை என்று மாற்றினாள். அப்படியே என் எழுத்துப் பிழை இரண்டையும் சரிசெய்துவிட்டாள்.

அடுத்தது டம்ளர். பேப்பர் கப் வாங்கிவிடலாம், வேலை மிச்சம் என்றுதான் முதல் கூட்டத்தில் பேச்சு. மாடி வீட்டு அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம் என்று எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. பாத்திர வாடகைக் கடைக்கு அவரே போய் முந்நூறு எவர்சில்வர் டம்ளருக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். சரி, யார் கழுவுவது? அங்கேதான் எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

கழுவியவர்கள் ஆறு பேர். நாலு பெண்கள், ஒரு வங்கி ஊழியர், மாலை ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த ஓர் ஆட்டோக்காரர். வரிசையாக மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள். முதலாவதில் எச்சில் போக அலசல், இரண்டாவதில் சோப்புத் தூள் கலந்த வெந்நீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர். அதன் பிறகு மூங்கில் தட்டில் கவிழ்ப்பு. தொட்டித் தண்ணீரை அரை மணிக்கு ஒரு தடவை மாற்றினார்கள். பங்குனி வெயிலில் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோலவிழி அம்மன் முன்னே போனதையும், பின்னால் நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காக வந்ததையும், கபாலீஸ்வரர் வெள்ளி விமானத்தில் வந்ததையும் அந்த ஆறு பேரும் பார்க்கவில்லை. வாத்தியச் சத்தத்தை வைத்தே ‘இப்போ சாமி திரும்புது’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஈரக் கையோடு கும்பிட்டார்கள். பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்த எங்களுக்குத்தான் போட்டோவும் பாராட்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உறுத்தும்.

மோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் அளவாகத்தான் போட்டோம். முதல் அண்டாவில் மட்டும் ஒருவர் உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போட்டுவிட்டார். முதலில் குடித்த பெரியவர் முகத்தைச் சுளிக்காமல், “கடலாட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார். உடனே பால்காரர் தன் வீட்டுக்கு வைத்திருந்த தயிரைக் கொண்டுவந்து கொட்டிச் சரிசெய்தார். அந்தத் தயிருக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். வற்புறுத்துவதாக இல்லை, ஆனால் நன்றி உண்டு.

பந்தலுக்கு அனுமதி வாங்க இரண்டு தடவை அலைந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், துணிப்பந்தலைக் கேட்ட விலைக்கே கொடுத்தவருக்கும் நன்றி. கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்டு அழுத ஐந்து வயதுப் பையனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, அப்பா கண்ணில் படும்வரை நின்ற போக்குவரத்துக் காவலருக்கும் நன்றி.

ராத்திரி பத்தரைக்குச் சாலையைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தொன்னை, வாழைப்பட்டை, பொரி, ஒற்றைச் செருப்புகள். விடிந்து ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனால் தரை தெரிகிறது, தண்ணீர் தெளித்து யாரோ கோலமே போட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் கூட்டி அள்ளிய மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்குக் கடைசி அண்டா மோரை எடுத்து வைத்திருந்தோம். ஒரு டம்ளர்தான் குடித்தார்கள், வேலை கிடந்தது. அவர்களுக்குச் செய்தது போதாது என்றே நினைக்கிறேன். அடுத்த வருடம் சாப்பாடாகச் செய்ய வேண்டும்.

அறுபத்துமூவர் அன்று காலை குளக்கரையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பாம்பு கடித்து இறந்து சாம்பலான இந்த ஊர்ப் பெண் பூம்பாவை, சம்பந்தர் பாடிய பதிகத்தில் உயிரோடு எழுந்து வந்தாள் என்பது கதை. சம்பந்தர் அந்தப் பதிகத்தில் என்ன செய்கிறார்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று கேட்கிறார். நம்ம பேட்டைக்கு முதன்முதலில் நிகழ்ச்சிப் பட்டியல் போட்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். என் பலகைக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதைப் படித்து யாரும் எழுந்து உட்கார்ந்ததில்லை, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைத் தவிர.

இனி வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில், திருவிழா முடிந்து சாமி இளைப்பாறும் நாட்களில் நடக்கும் விடையாற்றிக் கச்சேரிகள் தொடங்கிவிடும். கூட்டம் குறைவாக இருக்கும், வயதானவர்களை அழைத்துப் போக அதுதான் வசதி. சித்திரை முதல் நாள் காலை நம் சந்தில் ஆசிரியர் பஞ்சாங்கம் வாசிப்பார், வேப்பம்பூப் பச்சடி மாடி வீட்டில். பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாடப்புத்தகங்களை மாற்றிக்கொள்ளலாம். தேதியைப் பலகையில் எழுதுகிறேன், இந்த முறை அந்தப் பெண்ணிடம் காட்டிவிட்டு. மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க மண் சட்டி வேண்டுபவர்கள் இஸ்திரி வண்டியில் சொல்லி வையுங்கள்.

அப்புறம், டம்ளர் கணக்கு. முந்நூறில் திரும்பி வந்தது இருநூற்று எண்பத்தேழு. மறுநாள் காலை எங்கள் கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்கியது, உள்ளே ஒன்பது டம்ளர், நன்றாகத் தேய்த்துக் கழுவியவை. வைத்தவர் யாரென்று தெரியாது, அவருக்கும் நன்றி. மிச்சம் நாலு. நடந்துகொண்டே குடித்துப் போனவர்கள் வீட்டில் அவை இருந்தால் பலகைக்குக் கீழே வைத்துவிடுங்கள். வாடகைக் கடைக்காரர் இன்னும் கேட்கவில்லை.