பெரிய கிணற்று ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். முழங்கால் வலி தேவலை.

"அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுதி அனுப்பும்மா, என் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லணும்" என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விச்சிட்டா நகரத்தில் உன் தம்பி வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கார் ஷெட்தான் தெரிகிறது. அதைப் பற்றி என்னத்தை எழுதுவது? போன ஞாயிற்றுக்கிழமை அவன் கிரீன்ஸ்பர்க் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். மேற்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். வழியெல்லாம் கோதுமை வயல், வானம், மறுபடியும் வயல். ஒரு மேடு கிடையாது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கான்கிரீட் குதிர் தெரிந்தால் ஊர் வருகிறது என்று அர்த்தமாம். நம் பக்கம் கோபுரத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிப்போமே, அதுபோல.

கான்சஸ் மாநிலம், கயோவா மாவட்டத்தின் தலைநகர் இந்த ஊர். தலைநகர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. 2020 கணக்கெடுப்பில் மொத்தம் 740 பேர். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அதைவிட அதிகம் இருப்பார்கள். இங்கே குதிரை வண்டிச் சர்வீஸ் நடத்திய கிரீன் என்பவரின் பெயர்தான் ஊருக்கு. அவருக்குப் பட்டப்பெயர் 'பீரங்கிக் குண்டு'. வண்டியை அப்படி விரட்டுவாராம். இதைச் சொன்னால் உன் கடைசி பெஞ்சு உடனே நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் கதையைக் கிணற்றில்தான் நீ ஆரம்பிக்க வேண்டும். 1887-இல் தோண்ட ஆரம்பித்து மறு வருஷம் முடித்த கிணறு. ஆழம் 109 அடி, குறுக்களவு 32 அடி. உன் இருபதுக்கு இருபது வகுப்பறையை அப்படியே தூக்கி உள்ளே இறக்கிவிடலாம், சுவரில் இடிக்காது. மிஷின் எதுவும் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, சகடை, பாதியாக வெட்டிய பீப்பாய், அவ்வளவுதான். விவசாயிகளும் மாடு மேய்க்கிறவர்களும் தினக்கூலிக்கு இறங்கி, மண்ணைப் பீப்பாயில் அள்ளி மேலே அனுப்பினார்கள். மண் மணற்பாங்கு, எப்போது வேண்டுமானாலும் சரியும். அதனால் தோண்டத் தோண்டப் பலகையால் முட்டுக்கொடுத்துக்கொண்டே போனார்கள். சுற்றுச்சுவருக்கான கல் மைல்கணக்கான தூரத்திலிருந்து வண்டியில் வந்தது. கல் கட்டி முடித்த பிறகுதான் முட்டுகளை அறுத்து எடுத்தார்கள். ஊருக்கும் ரயில் எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமென்று தோண்டியது இது. 1932 வரை ஊர் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

இப்போது அதற்கு மேலே மியூசியம். இரும்புப் படி வழியாக உள்ளே இறங்கலாம். நான் பாதியிலேயே நின்றுவிட்டேன், முழங்கால் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் ஈரக்கல் வாசனை. உன் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்றதுபோல இருந்தது. பேரன் எட்டிப் பார்த்து "ஊ" என்று கத்தினான். நாமும் அதையேதானே செய்தோம்!

அங்கே ஒரு விண்கல்லும் இருக்கிறது, ஆயிரம் பவுண்டு எடை. அதைவிட எனக்குப் பிடித்தது எலைசா கிம்பர்லி என்ற பெண்ணின் கதை. 1880-களில் இதே மாவட்டத்தில் பயிர் செய்த குடும்பம். உழும்போது கலப்பையில் கறுப்பாக, கனமான கல் தட்டுப்படும். மற்றவர்களுக்கு அது தொந்தரவு, அந்தம்மாவுக்குப் புதையல். உருட்டிக்கொண்டு வந்து வீட்டருகே குவித்தாள். ஊரே சிரித்தது. படித்தவர்களுக்குத் தளராமல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாள். 1890-இல் ஒருவழியாக கிராகின் என்ற கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்தார். அத்தனையும் வானத்திலிருந்து விழுந்தவை! காசு கொடுத்து வாங்கிப்போனார். அந்தக் கல்லை அறுத்து மெருகேற்றினால் இரும்புக்கு நடுவே தேன் நிறத்தில் கண்ணாடிபோலத் துண்டு துண்டாகத் தெரியும். வேர்க்கடலை மிட்டாயை நினைத்துக்கொள், அதே மாதிரி.

அப்புறம், அந்த ராத்திரி. 2007 மே 4, மணி 9.45. இதைப் 'புயல்' என்று சொல்லாதே, பட்டுக்கோட்டைப் பிள்ளைகள் உடனே கஜாவை நினைத்துக்கொள்வார்கள். கஜா வருகிறது என்று நமக்கு நாள்கணக்கில் முன்பே தெரிந்தது. இது டொர்னேடோ, நிமிஷக் கணக்கு. மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்று. இதன் அகலமே 1.7 மைல், ஊரைவிட அகலம். வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஊரில் 95 சதவீதம் போய்விட்டது. குதிர் நின்றது, கோர்ட்டுக் கட்டடம் நின்றது. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் இறந்தார்கள். இவ்வளவு பெரிய அழிவில் அந்த எண்ணிக்கை அதோடு நின்றதற்குக் காரணம், முன்கூட்டியே ஊதிய சங்கும், வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டும். சங்கு கேட்டதும் என்ன செய்யவேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தம்பி மகனே எனக்கு மாடிப்படிக்கு அடியில் உட்காரும் இடத்தைக் காட்டி, தலையைக் கையால் எப்படி மூடிக்கொள்வது என்று செய்துகாட்டினான்.

பிறகு ஊர் கூடி, கட்டுவதுதான் கட்டுகிறோம், கரண்ட்டும் தண்ணீரும் மிச்சமாகிற மாதிரி கட்டுவோம் என்று முடிவெடுத்தது. தெருவிளக்கு முழுக்க எல்.இ.டி. ஊருக்கு வெளியே பத்து காற்றாலை. நம் ஆரல்வாய்மொழியில் பார்த்திருக்கிறாயே, அது. கான்சஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களே ஒரு கலைக்கூடம் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பெயர் 5.4.7, அந்த ராத்திரியின் தேதி. பிள்ளைகள் மூன்று வருஷம் டிரெய்லர் வண்டிகளில் உட்கார்ந்து படித்தார்கள், 2010-இல்தான் பள்ளிக்கூடம் வந்தது. அதன் வெளிச்சுவரில் கத்ரீனா புயலில் விழுந்த சைப்ரஸ் மரத்தைப் பலகையாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள். ஒரு ஊரில் காற்று சாய்த்த மரம், இன்னொரு ஊரில் காற்று இடித்த பள்ளிக்கூடத்துக்கு. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இங்கேதான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், டீச்சரம்மா. 'அழிந்த ஊர் மறுபடி எழுந்தது' என்று கைதட்டி முடித்துவிடாதே. 2000-இல் இங்கே 1,574 பேர். இப்போது பாதிக்கும் குறைவு. வயதானவர்கள் பலர் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். பழைய வீட்டின் விலைக்குப் புது வீடு கட்ட முடியவில்லை. வேலை தேடி இளசுகள் கிளம்புவது அதற்கு முன்பே நடந்ததுதான். மெயின் தெருவில் நடந்தால் கட்டடம் பளபளவென்று இருக்கிறது, ஆள்தான் இல்லை. வீடு இருந்த இடமெல்லாம் புல். மரங்களும் ஒரே வயசு, ஒன்றிலும் முதுமை இல்லை. எனக்கு அதுதான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளிடம் இதையும் சொல். அவர்களுக்குப் புரியும், நீ பயப்படாதே. தோப்பில் தென்னை விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள்தானே.

கிணற்றுப் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், வகுப்பில் காட்டு. ஓரத்தில் நீலமாகத் தெரிவது என் முந்தானை. தம்பி எடுத்த படம், வழக்கம்போல ஆளை விட்டுவிட்டான்.

அன்புடன்,
அம்மா