மெடிகா எல்லையில் ஸ்கேனரோடு நின்ற டாக்டரம்மாவுக்கு

2022 மார்ச். உக்ரைனிலிருந்து போலந்துக்குள் நுழையும் மெடிகா எல்லையில் நின்ற கால்நடை டாக்டரம்மா, போருக்குத் தப்பிப் பூனைகளோடு வந்த இந்திய மாணவர்கள் எங்களில் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

வழக்கமாக ஒரு பூனை அந்த எல்லையைத் தாண்ட, தோலுக்கடியில் வைத்த 15 இலக்க அடையாள மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, 30 நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் மில்லிக்கு 0.5 யூனிட் எதிர்ப்பாற்றல், அப்புறம் 3 மாதக் காத்திருப்பு. குண்டுக்குத் தப்பி ஓடி வருகிறவர்களுக்கு இது நடக்கிற காரியமா? ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தியது; இந்தியாவும் மாணவர்களோடு வந்த நாய், பூனைகளுக்கு ஒருமுறை விலக்கு கொடுத்தது. விலக்கு காகிதத்தில் இருந்தது. குளிரில் நின்று அதை நடத்திக் காட்டியது நீங்கள்.

கழுத்தில் சிப் தட்டுப்படாதபோது 'இல்லை' என்று ஒதுக்கிவிடாமல், தோளிலிருந்து முழங்கை வரை ஸ்கேனரை மெதுவாக இறக்கினீர்கள். சிப் தோலுக்கடியில் நகர்ந்துவிடும் அல்லவா! கூடையை வரிசையில் திறக்க விடவே இல்லை. முதலில் கதவைச் சாத்தி, பூனையைத் துண்டால் சுற்றி, பிறகுதான் ஊசி. மிரண்ட பூனை ஒரு தடவை நழுவினால் அந்தக் கூட்டத்தில் யார் பிடிப்பது? இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெடும் என்று, ஈர உணவுப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி ஊட்டினீர்கள். யாரும் கேட்கவில்லை.

தடுப்பூசி ஸ்டிக்கர் ஒட்டி, சீல் வைத்து நீங்கள் கொடுத்த தாளைத்தான் டெல்லி விமான நிலையத்தில் நீட்டினோம். போலிஷ் தெரிந்தவர்கள் யாராவது இதை உங்களிடம் வாசித்துக் காட்டட்டும். ரொம்ப நன்றி, டாக்டரம்மா.