வைரஸ் துணுக்கை டிப்ஸ் பகுதியில் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கணினி டிப்ஸ் பகுதிக்கு நடுவிலேயே ‘வைரஸை விரட்டச் சுலப வழிகள்’ என்று ஒரு கேலித் துணுக்கு வந்திருந்தது. ஹார்டு டிஸ்க்கை மஞ்சள் தண்ணீரில் கழுவச் சொன்னதை யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அடுத்த வரி, “உங்களுடையது 64 பிட் கணினி, சிஸ்டம்32 ஃபோல்டர் எதற்கு? அழித்துவிடுங்கள்” என்கிறது. விவரம் தெரியாதவர்களுக்கு இது நியாயமாகவே படும். 64 பிட் விண்டோஸுக்கும் முக்கியமான கோப்புகள் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன. பெயரில் உள்ள 32 மட்டும்தான் பழைய 32 பிட் காலத்தது. அழித்தால் விண்டோஸ் எழும்பாது.

நான் சிவகாசியில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கே டிடிபி சென்டருக்கும் அச்சகத்துக்கும் இடையே பென் டிரைவ்கள் ஓயாமல் போய்வரும், ஷார்ட்கட் வைரஸும் கூடவே வரும். திங்கள்கிழமை ஒரு அக்கா அழாத குறையாக வந்தார். பென் டிரைவில் ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் வெறும் ஷார்ட்கட்கள். உங்கள் துணுக்கில் இருந்தபடி ஃபார்மேட் அடித்து, அதன்மேல் வேறு படங்களையும் ஏற்றிவிட்டார். அந்த வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கும். ‘அட்ரிப்’ என்ற ஒரே கட்டளையில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இப்போது பாதியைத்தான் மீட்க முடிந்தது. மீதிக் காலண்டர் மேட்டரை அவர் மறுபடி டைப் அடித்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

இது புதிதும் இல்லை. 2002இல் கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு கோப்பை வைரஸ் என்று சொல்லி மின்னஞ்சல் சுற்றியது. அது விண்டோஸோடு வந்த கோப்பு. தேடினால் இருக்கத்தானே செய்யும்? இருந்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டு, உலகம் முழுக்க ஆட்கள் அதை அழித்தார்கள், தெரிந்தவர்களுக்கும் சொன்னார்கள். கணினி மக்கர் செய்யும் பதற்றத்தில் இருப்பவருக்கு எது கேலி, எது யோசனை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

துணுக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரிப்புப் பக்கத்தில் போடுங்கள். வரும் ஞாயிறு அதே இடத்தில் ஒரு திருத்தமும் வர வேண்டும். முதலில் நெட்டைத் துண்டிக்கவும், எதையும் அழிக்கவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் எழும்பும் முன்பே நடக்கும் சோதனை) ஓட்டவும். இவ்வளவு போட்டால் போதும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
சிவகாசி.