நியூபோர்ட்டில் மாளிகைகள் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க ரயில் பாதைகளால் கோடீஸ்வரர்களான வாண்டர்பில்ட் குடும்பத்து மாளிகையும் அதன் ஆடம்பரமும்தான். நியூபோர்ட் இருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்திலேயே பல வருஷமாகக் குடியிருக்கிறவன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை எல்லாம் அங்கே கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஊரின் பாதிக் கதை விட்டுப்போயிருக்கிறது, அதுவும் முக்கியமான பாதி.

மாளிகைகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1895-இல் கட்டி முடித்த பிரேக்கர்ஸ் என்ற அந்த வாண்டர்பில்ட் மாளிகையில் 70 அறைகள், குளியல் தொட்டியில் நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய்கள், ஓர் அறையின் சுவரில் பிளாட்டின ரேக்கு. இத்தனையும் கோடையில் சில வாரங்கள் வந்து தங்குவதற்காக. சரி, இதையெல்லாம் ஓடவைத்தது யார்? அதே ஊரின் பெல்வியூ அவென்யூ என்ற தெருவில் நிலக்கரி முதலாளி பெர்வின்ட் கட்டிய எல்ம்ஸ் என்ற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வந்திருக்கும் விருந்தாளி கண்ணில் ஒரு கரித்துண்டு பட்டுவிடக் கூடாது என்று, பக்கத்துத் தெருவிலிருந்து நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி அதன் வழியாகக் கரியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலைக்காரர்கள் படுக்கும் அறைகள் மேல்மாடியில் இருக்கின்றன, வெளியே நின்று பார்த்தால் அப்படி ஒரு மாடி இருப்பதே தெரியாதபடி கைப்பிடிச்சுவர் மறைக்கிறது. இந்தச் சுரங்கத்தையும் மேல்மாடியையும் இப்போது சுற்றிக் காட்டுகிறார்கள். பிரேக்கர்ஸைவிட எனக்கு மனதில் நின்றது இதுதான்.

அப்புறம், ஊரின் பணம் வாண்டர்பில்ட்டோடு ஆரம்பிக்கவில்லை. 1639-இல் உருவான ஊர் இது, மத விஷயத்தில் யாரையும் துன்புறுத்தாத ஊர் என்று பெயர் வாங்கியது, 1763-இல் திறந்த யூதர்களின் டூரோ ஜெபக்கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதே ஊர்தான் கரீபியனிலிருந்து வந்த வெல்லப்பாகை ரம்மாகக் காய்ச்சி, அந்த ரம்மை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், பதிலுக்கு மனிதர்களை ஏற்றிவந்தது. அமெரிக்கர்கள் அனுப்பிய அடிமைக் கப்பல்களில் பாதிக்கு மேல் ரோட் ஐலண்டிலிருந்து கிளம்பியவை. கோடை வாசமும் அப்படித்தான், பெரிய மாளிகைகளுக்கு ரொம்ப முன்னாலேயே, தெற்கத்தி அடிமைத் தோட்டக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து இங்கே வந்து தங்கினார்கள். கிங்ஸ்கோட் என்ற அழகான மரவீட்டை 1841-இல் கட்டியவர் ஜார்ஜியாவின் ஒரு தோட்ட முதலாளி.

அடிமைகளாக ஏற்றிவரப்பட்ட அந்த மனிதர்கள் எங்கே என்று கேட்டால், ஊரின் பொதுக் கல்லறையில் 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற பகுதியில் இருக்கிறார்கள். அங்கே 1768-இல் இறந்த கஃபே கிப்ஸ் என்பவரின் கல் ஒன்று இருக்கிறது. அதைச் செதுக்கியவர் பாம்ப் ஸ்டீவன்ஸ், கல் வெட்டும் பட்டறையில் அடிமையாக இருந்தவர். இறந்துபோன தன் சகோதரனுக்காக இந்தக் கல்லைத் தானே வெட்டியதாக அதிலேயே பொறித்திருக்கிறார். கூடப்பிறந்தவர்களுக்கு ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்றால், இரண்டுமே அவர்களைச் சொந்தமாக வைத்திருந்த முதலாளிகளின் பெயர். நுழைவுச்சீட்டு கிடையாது, யாரும் போய்ப் பார்க்கலாம். சரவிளக்குக்குக் கொடுத்த இடத்தில் நாலு வரி இதற்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

இன்னொன்று, மாளிகைகளின் பின்புறமாகக் கடலோரம் ஐந்தரை கிலோமீட்டர் போகும் கிளிஃப் வாக் பாதை. கட்டுரையில் இது ஒரு படத்துக்குக் கீழே வரும் பெயர், அவ்வளவுதான். ஒரு பக்கம் கோடீஸ்வரர்களின் புல்வெளி, மறுபக்கம் அட்லாண்டிக், நடுவில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். மாளிகைக்காரர்கள் இதை அடைக்கப் பார்க்காமல் இல்லை, முடியவில்லை. காரணம் 1663-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனத்திலிருந்து தொடர்ந்து வரும், கடற்கரையில் மக்களுக்கான உரிமை, மாநில அரசியல் சட்டத்தில் 1843-இலேயே எழுதப்பட்டது. 1986-இல் அதை இன்னும் தெளிவாக்கினார்கள்: கரையில் நின்று மீன் பிடிக்கலாம், கடற்பாசி பொறுக்கலாம், நீந்தக் கடலில் இறங்கலாம், கரையோரம் நடக்கலாம். மார்பிள் ஹவுஸ் என்ற இன்னொரு மாளிகையின் ஆல்வா வாண்டர்பில்ட் கடலைப் பார்க்கச் சீனப் பாணியில் ஒரு தேநீர் மண்டபம் கட்டினார், பாதை அதன் அடியில் சுரங்கமாகப் போகிறது. (பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1909-இல் இதே வீட்டில் கூட்டம் நடத்தியவரும் இவர்தான், அதையும் சொல்லியிருக்கலாம்.)

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கரையில் மக்கள் எதுவரை வரலாம் என்று 1982-இல் நீதிமன்றம் வகுத்த எல்லைக்கோடு பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 2019-இல் வேறொரு ஊரின் கடற்கரையில் பாசி பொறுக்கியவரைப் போலீஸ் கைது செய்து, அப்புறம் வழக்கைக் கைவிட்டது. மீன் பிடிக்கிறவர்களும் நடக்கிறவர்களும் விடாமல் குரல் கொடுத்து, 2023-இல் புதுச் சட்டம் வந்தது: அலை கொண்டுவந்து போடும் பாசியும் சிப்பியும் கிடக்கும் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கமாகப் பத்து அடி வரைக்கும் மக்கள் நடக்கலாம். வீட்டுக்காரர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பணக்காரக் கடற்கரை ஊர் என்றால் இந்த இழுபறிதான் அதன் நிஜ வரலாறு, அதைத்தான் கட்டுரையில் தேடினேன்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பும் வாசகர்களுக்கு ஒரு தகவல். ஈஸ்டன்ஸ் பீச் பக்கம் ஆரம்பித்தால் ரகிள்ஸ் அவென்யூ வரை கிளிஃப் வாக் பாதை சமதளம். நடுவில் ஒரு துண்டு 2022 மார்ச்சில் சரிந்து விழுந்தது, அதனால் போகும் முன் பாதையின் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ரகிள்ஸுக்கு அப்புறம் பல இடங்களில் வெறும் பாறைதான், வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிராவிடன்ஸ், ரோட் ஐலண்ட்